கம்பளி நோட்டில் பவானி பேர்

திருப்பதியில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நான் ஆயம்மாவாக வேலை பார்த்தேன். டே கேர் என்கிற பகுதி. காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் வருகிற இடம். பன்னிரண்டு பெட், சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, தலைக்கு மேலே ஏசி. இப்போது அங்கே கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிற பெண்களில் நாலு பேர் எங்கள் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துப் பெண்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார். ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்ன எழுதுவது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். நடுவில் நாலைந்து தடவை எழுந்து போய் வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

முதல் நாள்

முதல் நாள் என் கையில் கொடுத்தது நாற்பது கம்பளியும் ஒரு நோட்டும்.

கம்பளி அடிக்கடி காணாமல் போகிறதாம். எந்த பெட், யாருக்கு, எதற்கு வந்தவர், ஊசி எடுத்தது எத்தனை மணி, கம்பளி எத்தனை மணிக்குக் கொடுத்தாய், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது, எல்லாம் எழுது என்று இன்சார்ஜ் சிஸ்டர் தெலுங்கில் சொன்னார். நான் பாலசமுத்திரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து சிஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஏமம்மா இதி, அந்தா அரவமே!" என்றார். எல்லாம் தமிழாக இருக்கிறதே என்று கேட்கிறார். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் கம்பளிகளை எண்ணிப் பார்த்தார். நாற்பதும் இருந்தது.

"லெக்க சரிப்போயிந்தி. சாலு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கணக்குச் சரியாக இருக்கிறது, அது போதும் என்று.

அந்த நோட்டை அந்த வார்டில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. டாக்டர்களிடம் 'சரிங்க மேடம்' என்பதைத் தவிர நான் வேறு எதுவும் பேசினதில்லை. கேட்டதைக் கொண்டுவருவேன், சொன்னதைத் துடைப்பேன், நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான் என் வேலை என்று இருந்தேன்.

பவானி

கீமோ மருந்து கை நரம்பில் ஏறினால் நரம்பு வெந்துபோகும். அதனால் சிலருக்குக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள், கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு சின்ன டப்பியை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு குழாய் பெரிய நரம்புக்குள் போகும். இதற்குப் போர்ட் என்று பேர். வைத்தியம் முடிந்த பிறகும், எடுக்கிற வரைக்கும், மாதம் ஒரு தடவை வந்து அதில் ஊசி குத்தி மருந்து தள்ளிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இதை ஃப்ளஷ் என்பார்கள். கால் மணி நேர வேலை.

பவானி அந்த ஃப்ளஷுக்கு வருகிறவள். வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பத்தெட்டு வயசு இருக்கும். புருஷன் குவைத்தில் டிரைவர். ஒரே மகள், இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்கிற ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. முடி திரும்ப முளைத்துப் பையனுக்கு கிராப் வெட்டினது மாதிரி இருந்தது. எப்போதும் தனியாகத்தான் வருவாள். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் பெண்களில் பாதிப் பேர் களையெடுப்பை விட்டுவிட்டு, கலர் கோட் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள். பவானி காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாக்கி டேப் சுற்றுகிற லைனில் இருந்தாள். நோய் வந்ததும் அந்த வேலை போனது. வைத்தியம் முடிந்ததும் மறுபடி கான்ட்ராக்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ஒரு நாளும் லீவு போடாமல் வந்தால் பர்மனென்ட் பண்ணுகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வார லீவு நாளில் மட்டும் திருப்பதிக்கு வருவாள்.

"போர்ட்டு இனிமே தேவையில்ல, எடுத்துடலாம்னு மேடம் சொல்றாங்களே, எடுத்துக்கினு நிம்மதியா போயேன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"எடுத்தா பத்து நாளு கைய தூக்கக் கூடாதாம், ஆயம்மா. டேப்பு இன்னா மூக்காலயா சுத்துவேன்?" என்றாள். "ஆறு மாசம் போவட்டும். அது பாட்டுக்கு உள்ள கீது. சோறா கேக்குது?"

ஏசி

மறுபடி வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் ஃப்ளஷுக்கு வந்தபோது ஊசியில் ரத்தம் திரும்பி வரவில்லை. சிஸ்டர் அவளைக் கையைத் தூக்கச் சொன்னார், இருமச் சொன்னார், புரண்டு படுக்கச் சொன்னார். கடைசியில் வந்தது. மருந்து தள்ளி, பஞ்சு ஒட்டி, போ என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பவானி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தோள் நடுங்க ஆரம்பித்தது.

"இன்னா ஆயம்மா, உள்ள ஐஸ் கம்பெனியா நடத்திக்கினு கீறீங்கோ?"

"வெயில்ல இருந்து வந்தா அப்டிதான் இருக்கும். நாஷ்டா துன்னியா இல்லியா?"

"நாலு இட்லி துன்னேன். அதுவும் உள்ள நடுங்குது."

இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு கம்பளி கொடுத்து நோட்டில் எழுதினேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் யார் வந்தாலும் அந்த ஏசியில் நடுங்குவார்கள். நானே சேர்ந்த புதிதில் ஒரு மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவள். குளிருகிறது என்றால் கம்பளி. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது மாதம் இரண்டு கம்பளி கேட்டாள். நாலாவது மாதம் மூன்று கம்பளிக்கு அடியிலும் பல் தந்தியடித்தது. அன்றைக்கு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"பவானி, இது ஏசி குளிரு இல்ல. ஜொரம். சிஸ்டரக் கூப்பிடறேன் இரு."

என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயம்மா, உன் கால்ல வுழறேன். ஜொரம்னு வாயத் தொறந்தா படுக்கப் போட்டுடுவாங்கோ. நாலு மாசம் ஓட்டிட்டேன். இன்னும் ரெண்டே மாசம்."

"ஊர்ல டாக்டராண்ட காட்டினியா?"

"போன மாசமே காட்டினேன். மலேரியா மாதிரி கீதுன்னு மாத்திரை குடுத்தாரு. ரெண்டு நாள்ல வுட்டுடிச்சி. இதுவும் வுட்டுடும். யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. "சொல்லமாட்டேன்" என்றேன்.

பேசாமல் இருந்த நாட்கள்

பத்து நாள் கழித்து பவானி ரிவியூவுக்கு வந்தாள். அன்று ஃப்ளஷ் கிடையாது, டாக்டர் மேடத்தைப் பார்க்க மட்டும். அதே பெஞ்சில், அதே ஏசிக்கு நேர் கீழே, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள். அவளிடம் நீட்டினேன்.

"வாணாம் ஆயம்மா. வேர்க்குது எனுக்கு."

சனிக்கிழமை சலவைக்குப் போடுவதற்காக நோட்டை வைத்துக் கம்பளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பவானி பேர் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. முந்தின பக்கங்களைப் புரட்டினேன். பவானி, ஒரு கம்பளி. பவானி, இரண்டு. பவானி, மூன்று. எல்லாம் ஃப்ளஷ் நாள். எல்லாம் ஊசி எடுத்து அரை மணிக்குள். மற்ற நாளில் அதே ஏசி அவளை ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது. அந்த டப்பிக்குள் மருந்து போனால்தான் நடுக்கம் வருகிறது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை சிஸ்டர் மேஜை வரைக்கும் போனேன்.

"ஏம் காவாலி?" என்றார் நிமிராமல். என்ன வேண்டும் என்று.

"தண்ணி வேணுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாளும் போனேன். மேஜையைத் துடைத்தேன். ஒரு நாளில் மூன்று தடவை துடைத்ததில், "ஏமயிந்தி நீக்கு ஈரோஜு?" என்று, இன்றைக்கு உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டுச் சிரித்தார். நான் ஒரு ஆயம்மா. படித்த சிஸ்டர்களும் டாக்டர்களும் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தப்பாக இருந்தால்? சரியாகவே இருந்தாலும், அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே? அவள் வேலை போனால் அந்தப் பாவம் யாருக்கு? இப்படியே கக்கூஸ் கழுவும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், சோற்றைப் பிசையும்போதும். கை ஒரு வேலையில் நிலைக்கவில்லை. மேடம் ரூம் கதவைத் தாண்டும்போதெல்லாம் கால் மெதுவாகும். நிற்காது.

இந்த நாட்களைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய மூன்று வாரம்.

படிக்கட்டு

ஐந்தாவது மாதம் பவானி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. வார லீவை மாற்றிவிட்டார்களாம். சாயங்கால ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும் என்று வரும்போதே அவசரம். ஊசியை எடுத்ததும் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் இரண்டு கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். படிக்கட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சே ஆடியது. அதன் மேல் இருந்த டிபன் பாக்ஸ் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. அங்கே ஏசி கிடையாது.

"ஒண்ணும் இல்ல. என்னப் பஸ்ஸுல ஏத்தி வுட்டுடு" என்றாள்.

"டாக்டராண்ட போலாம் பவானி."

"ஒரு மாசம், ஆயம்மா. ஒரே ஒரு மாசம். வேல போச்சுன்னா அந்தாள எப்போ குவைத்துலர்ந்து வரச் சொல்றது? சொல்லு."

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவளைத் தோளில் சாய்த்து, கேட்டுக்குப் போவதற்காகப் படி இறக்கினேன். நாலு படி இறங்கினோம். ஐந்தாவது படியில் அவள் முழங்கால் மடங்கிவிட்டது. நகத்தைப் பார்த்தேன், நீலமாக இருந்தது. அங்கேயே உட்காரவைத்து, கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

மேடம் ரூமில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஓடிவந்தவளுக்கு உள்ளே போனதும் நாக்கு எழும்பவில்லை. போகிற வழியில் கம்பளி நோட்டை எடுத்திருந்தேன். பவானி பேர் இருந்த பக்கத்தை விரித்து மேஜையில் வைத்து, விரலால் காட்டினேன். அவர் படித்துப் புரிந்துகொள்வார், நான் பேச வேண்டியதில்லை என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் எண்ணம்.

மேடம் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏமிட்டிதி? நாக்கு அரவம் ராதம்மா. நுவ்வே சதுவு" என்றார். எனக்குத் தமிழ் வராது, நீயே படி என்று.

அத்தனை பேருக்கு நடுவில் நின்று படித்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்னதற்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுப் படித்தேன். தமிழில் எழுதினதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனேன். "பவானி, ஃப்ளஷ் முடிந்தது பத்தரை, கம்பளி பத்தேமுக்கால், ஒன்று. அடுத்த மாசம் ஃப்ளஷ் பதினொன்று, கம்பளி பதினொன்று இருபது, இரண்டு. அதுக்கு அடுத்த மாசம் மூன்று. ரிவியூ நாளில் கம்பளி வேண்டாமென்று சொல்லிவிட்டாள், மேடம். ஃப்ளஷ் பண்ணினால் மட்டும்தான் நடுங்குகிறாள்."

மூன்றாவது வரியிலேயே மேடம் எழுந்துவிட்டார்.

"இப்புடு எக்கட உந்தி ஆமெ?" இப்போது எங்கே இருக்கிறாள்?

"படிக்கட்டுல, மேடம்."

அவர் ஓடினதை அன்றுதான் பார்த்தேன்.

திட்டு

பிரஷர் இறங்கிப்போய் ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம், போர்ட்டிலிருந்து கொஞ்சம் ரத்தம் என்று தனித்தனி பாட்டிலில் எடுத்து அனுப்பினார்கள். போர்ட்டுக்குள் கிருமி குடியேறியிருக்கிறது, ஒவ்வொரு தடவை மருந்து தள்ளும்போதும் கிருமியும் சேர்ந்து ரத்தத்துக்குள் போயிருக்கிறது, அதுதான் நடுக்கம் என்று பிறகு சிஸ்டர் எனக்கு விளக்கினார். மூன்றாம் நாள் போர்ட்டை எடுத்துவிட்டார்கள். கை நரம்பு வழியாக இரண்டு வாரத்துக்கு மருந்து ஏற்றினார்கள்.

வார்டுக்கு மாற்றினதும் பார்க்கப் போனேன். பக்கத்தில் அவள் மகள் இருந்தாள். பவானி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும். கம்பெனிக்காரன் பேர அடிச்சிட்டான். சந்தோசமா?"

"பவானி, நான்..."

"போ ஆயம்மா. யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொன்ன வாய்தானே அது? இனிமே என்னாண்ட பேசாத."

வெளியே வந்தால் மேடம். என்னைப் பார்த்து நின்றார். பாராட்டுவார் என்று நினைத்தேன், அதையும் ஒளிக்கவில்லை. "மொதட்லோனே செப்பி உண்டே..." என்றார். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் என்று தொடங்கினவர், முடிக்காமல் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

முடிக்காத அந்தப் பேச்சு என்னை இருக்கவிடவில்லை. சேர்ந்த நாளிலிருந்து எழுதின பழைய நோட்டுகள் ஸ்டோரில் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டினேன். பவானிக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பேர் அதே மாதிரி இருந்தது. காளஹஸ்தியில் துணியில் சித்திரம் எழுதுகிற பெரியவர். நகக்கண்ணெல்லாம் கறுப்புச் சாயம் இருக்கும், அதனால் நினைவு இருந்தது. அவருக்கும் போர்ட். ஃப்ளஷ் நாள், ஒரு கம்பளி. ஃப்ளஷ் நாள், இரண்டு. ஃப்ளஷ் நாள், இரண்டு. அதற்குப் பிறகு அவர் பேர் எங்கும் இல்லை.

இந்தத் தடவை மூன்று வாரம் ஆக்கவில்லை. நேராகப் போய் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் பழைய பைலில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பைலில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு என் லீவு நாளில் நானே பஸ் ஏறிக் காளஹஸ்திக்குப் போனேன். முன்பின் தெரியாத தெருவில் கதவு தட்டி விசாரிப்பது எனக்கு எப்படிப்பட்ட காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டைக் கண்டுபிடித்தேன். வேறு குடும்பம் இருந்தது. மகனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்.

"பெரியவர் எப்படி இருக்கிறார்?"

"போகும்போது நன்றாகத்தான் இருந்தார்" என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டுதான் காரில் ஏறினார்" என்றார்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

நோட்டில் போட்ட கோடு

திரும்பி வந்து நோட்டில் இன்னொரு கோடு போட்டேன். பேர், பெட், ஊசி எடுத்த மணி, கொடுத்த மணி, திரும்பின மணி, அதற்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம். குளிருகிறதா, எப்போதிலிருந்து, ஊசிக்கு முன்னாலா பின்னாலா, தொட்டால் சுடுகிறதா. ஃப்ளஷ் முடிந்தவர்களை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும் என்று மேடமும் உத்தரவு போட்டார். ரிடையர் ஆகிற வரைக்கும் மாலையில் அந்தப் பக்கத்தைச் சிஸ்டரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். குரல் நடுங்கும். படிப்பேன்.

பவானி ஆறு மாதம் கழித்து ரிவியூவுக்கு வந்தாள். அந்தக் கம்பெனி மறுபடி சேர்க்கவில்லை. வேறு ஒரு கம்பெனியில் செருப்புக்குப் பசை தடவுகிற வேலை, சம்பளம் குறைச்சல். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பேசாதே என்று சொன்னவளிடம் எப்படிப் பேசுவது? ஒரு கம்பளியை எடுத்துப்போய் நீட்டினேன்.

என் கையையும் கம்பளியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாணாம், ஆயம்மா" என்றாள். "எனுக்குக் குளிரல." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காரு. எப்போ பாத்தாலும் நின்னுக்கினே கீற."

பெண்களே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கம்பளி கேட்டால் கொடுங்கள். கொடுக்கும்போதே ஏன் என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் கையைப் பிடித்தால், அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். எழுதிவைத்தது யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். திட்டுவார்கள். திட்டினவர்கள் பிறகு வந்து குளிரவில்லை என்று சொல்லக்கூடும். திட்டாமல் காரில் ஏறிப்போனவரைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.